எருமை குடித்த தண்ணீர்

எங்கள் தெருவான கும்பார் ஓணியில் தண்ணீர் நிற்காமல் வர ஆரம்பித்த நாளிலிருந்துதான் எனக்கு நிம்மதி போனது. சொன்னால் சிரிப்பீர்கள். எட்டு நாளுக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்த காலத்தில் எட்டாம் நாள் மட்டும்தான் பதறுவேன். இப்போது தினமும் குழாயைத் திறக்கும்போது நெஞ்சு ஒரு அடி அடித்துவிட்டுத்தான் ஓய்கிறது. இன்றைக்கு வருமா, இல்லை திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று.

எட்டாம் நாள் என்றால் என்னவென்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். காலையில் வரும் என்பார்கள், மத்தியானம் ஆகும், சில தடவை விளக்கு வைத்த பிறகு வரும். வீட்டில் ஒருத்தி இருந்தே ஆக வேண்டும். கல்யாணமோ சாவோ அன்றைக்கு வரக்கூடாது. என் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று என் பிறந்த ஊர் நரகுந்திலிருந்து போன் வந்தது ஓர் எட்டாம் நாளில்தான். என் கணவர் ஈரப்பா ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தார். "தண்ணி வந்ததும் புடிச்சு வெச்சுட்டுக் கிளம்புடி, ஒண்ணும் ஆகாது" என்று அம்மாவே சொன்னாள். தண்ணீர் சாயங்காலம் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, இறந்தவர்களை உட்கார வைக்கிற எங்கள் வழக்கப்படி அப்பாவுக்கு நெற்றி நிறைய விபூதி பூசிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். உட்கார்ந்திருந்ததால் எனக்காகக் காத்திருப்பது போலவே இருந்தது.

அன்றைக்கு ஏற்பட்ட கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால்தான், ஊரிலேயே முதலில் எங்கள் ஓணிக்குப் புதுக் குழாய் போட்டு, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, ஓணி முனையில் ஒரு பெரிய மீட்டரும் வைத்து, இனி இரவும் பகலும் தண்ணீர் என்று சொன்னபோது நான் யாருக்கும் தெரியாமல் துளசிமாடத்துப் பின்னால் நின்று அழுதேன். சோதனைக்குத்தான் கொடுக்கிறோம் என்று சொன்னதும் காதில் விழுந்தது. அதைக் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் கிரிஜா பிரசவத்துக்கு வந்தாள். அவளுக்கு அம்மா இல்லை. அண்ணன் வீடுதான் பிறந்த வீடு. அண்ணன் பெண்டாட்டி நான்தான் எல்லாம் செய்ய வேண்டும். பெண் குழந்தை பிறந்தது. பச்சை உடம்புக்காரிக்கு எங்கள் பக்கத்தில் ஊற்றுகிற குளியல் சாதாரணக் குளியல் அல்ல. செப்பு அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி, முதுகிலும் இடுப்பிலும் சொம்பு சொம்பாக அடித்து ஊற்ற வேண்டும், அவள் போதும் போதும் என்று கெஞ்சுகிற வரைக்கும். பிறகு குழந்தைக்கு. பிறகு சாம்பிராணிப் புகை. இதில் ஒரு நாள் குறைத்தாலும் கிரிஜாவுக்கு வயதான காலத்தில் இடுப்பு வலிக்கும், அந்த வலிக்கு என் பெயரைத்தான் வைப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை ஷைலஜா வந்தாள். தண்ணீர் இலாகா என்ஜினியர். சின்னப் பெண், ஸ்கூட்டியில் வருவாள், தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேசிவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்குக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததுமே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்துவிட்டது.

"இந்த ஒரு ஓணி இழுக்கற தண்ணியில மூணு ஓணி குடிக்கலாம்" என்றாள். "ராவும் பகலும் குடுத்தா சனங்க வீணாத்தான் அடிப்பாங்கன்னு மேல இருக்கறவங்க முன்னாடியே சொன்னாங்க. இல்ல சார், எப்பத் தொறந்தாலும் வரும்னா யாரு சேத்து வெப்பாங்க, செலவு குறையத்தான் செய்யும்னு நான்தான் சண்டை போட்டு உங்க ஓணிய எடுத்தேன். இப்ப என் மூஞ்சியில கரியப் பூசிட்டீங்க."

"எவ்வளவு குறைக்கணும் மேடம்?" என்று கேட்டேன்.

"பாதி. அடுத்த திங்கக்கிழமை பெரியவங்களே வந்து மீட்டரப் பாப்பாங்க. குறையலேன்னா அன்னைக்கே வால்வ மூடிடுவாங்க. மறுபடி எட்டு நாளுக்கு ஒரு தடவைதான்."

அவள் போனதும் ஓணியே என் வீட்டு வாசலைப் பார்த்தது. எதிர்வீட்டுப் பெரியவர் பக்கீரப்பா காகாதான் வாயைத் திறந்தார். எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவர் பாலில் தண்ணீர் உண்டு, பேச்சில் கிடையாது.

"இந்த ரேணவ்வா வீட்ல தினமும் அண்டா அண்டாவா ஊத்தறாங்க. புள்ள பெத்தவ ஒருத்தி. குளிக்கறது பட்டாளம் குளிக்கற மாதிரி இருக்கு."

"உங்க எருமைக்கு ஊத்தறதவிடக் குறைச்சல்தான் காகா. அதோட எங்க கிரிஜா மேல ஊத்தறத நாங்க திருப்பி விக்கறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருந்தால் என்ன செய்வது? கிரிஜாவின் குளியலைக் குறைக்க முடியாது. குறைக்காவிட்டால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போய்விட்டால் அப்புறம் குளியலே கிடையாது. அடுப்பை மூட்டிவிட்டு இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் அன்று சோளரொட்டி இரண்டு கரிந்தது.

மறுநாள் நானும் பக்கத்து வீட்டு தில்ஷாதும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். தில்ஷாத் துணி தைப்பவள். யார் வீட்டுக்குள்ளும் அளவெடுக்கிற சாக்கில் நுழைந்துவிடுவாள். போன இடமெல்லாம் குழாய் திறந்தே கிடந்தது. எங்கள் ஓணியில் குழாயை மூடுகிற பழக்கமே கிடையாது. மூடிவிட்டால் தண்ணீர் வந்தது எப்படித் தெரியும்? திறந்துவைத்து, அடியில் ஒரு தகர டப்பாவைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். டப்பா சத்தம் போட்டால் ஓடுவோம். ஊருக்குப் போகிறவர்கள்கூடக் குழாயை டிரம்முக்குள் திறந்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவார்கள், தாங்கள் இல்லாதபோது வந்துவிட்டால் என்ன செய்வது என்று. எல்லாவற்றையும் மூட வைத்தோம். திருகு இல்லாத இடத்தில் திருகு போட வைத்தோம். ஒழுகிய இடத்தில் தில்ஷாத் நூல் சுற்றினாள்.

வியாழக்கிழமை ஷைலஜா வந்து பார்த்தாள். கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

"மண்ணுக்குள்ள கசியுதோ என்னமோ" என்றேன், ஒரு நப்பாசையில்.

"இல்ல. முனையில இருக்கற மீட்டரும் உங்க வீட்டு மீட்டருங்களும் ஒண்ணாத்தான் ஓடுது. தண்ணி உங்க வீட்டுக்குள்ள போகுது. அங்கேருந்து எங்க போகுதுன்னு நீங்கதான் சொல்லணும். யாராவது எதையாவது வீணாக்கறீங்களா?"

ஓணியே தலையில் அடித்துச் சத்தியம் செய்தது. தண்ணீருக்காக அழுதவர்கள் நாங்கள், வீணாக்குவோமா? ஷைலஜா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் அவளுக்கு அழுகை வருவது போல ஆனது.

எனக்கு வேறொரு இடியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கிறோம். பாதாமிப் பக்கத்திலிருந்து கிரிஜாவின் மாமியார் நீலம்மா ஒரு வண்டி ஆட்களோடு வருகிறாள். நீலம்மாவுக்குக் கண் இரண்டு, குறை கண்டுபிடிக்க மூன்றாவது ஒன்று. அவ்வளவு பேருக்கும் சமையல், கை கழுவுவது, குளியல். மறுநாளே மீட்டர். 

வெள்ளிக்கிழமை காலை. வழக்கம்போல இடுப்பில் ஒரு குடத்தோடு வாசலுக்கு வந்தேன். பக்கீரப்பா காகா தன் எருமையின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது சாக்கடைக்குள் முன்னங்காலை வைத்துத் தலையைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தது.

"பாரு ரேணவ்வா, இந்தச் சனியன! தொட்டியில வெச்ச தண்ணிய மோந்துகூடப் பாக்கறதில்ல. ஒரு வாரமா காலையில அவுத்துவிட்டா நேரா சாக்கடைக்குத்தான் ஓடுது. சீக்கு புடிச்சுச் சாகப்போகுது."

நான் குனிந்து பார்த்தேன். சாக்கடையில் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. ஒரு பழைய எட்டணாக்காசு கிடந்தால்கூட அதன் வருஷத்தைப் படித்துவிடலாம், தண்ணீர் அவ்வளவு தெளிவு. எருமைக்குச் சீக்கும் இல்லை, புத்திக்கும் குறைவில்லை. நல்ல தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அங்கே குடிக்கிறது.

 என் இடுப்பில் இருந்த குடத்தில் நேற்றுப் பிடித்த தண்ணீர். அதைச் சாக்கடையில் கொட்டத்தான் நான் வந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் தில்ஷாத் தன் வாசலில் டிரம்மைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த வீட்டில் இரண்டு வாளி. அதற்கும் அடுத்த வீட்டில் ஒரு தொட்டியையே கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஓணி முழுவதும் சலசலவென்று சத்தம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். புதுத் தண்ணீர் வந்தால் பழைய தண்ணீரை வைத்திருக்கக் கூடாது. எட்டு நாள் டிரம்மில் கிடந்தது புழு வைத்திருக்கும். அதனால் தண்ணீர் வருகிற நாளில் மீதியைக் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, புதிதாகப் பிடித்துவைப்போம். பழையதன் மேல் புதியதை ஊற்றுகிறவள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டோம். இப்போது தினமும் புதுத் தண்ணீர் வருகிறதா, தினமும் பழையதைக் கொட்டுகிறோம். எட்டு நாளுக்கு ஒரு தடவை கொட்டியதைத் தினமும்.

"ஏய் தில்ஷாத், நிறுத்துடி!"

"என்னக்கா? பழைய தண்ணி."

"எப்பப் புடிச்சது?"

"நேத்துக் காலைல."

"குழாயில இப்ப வருதே, அது எப்ப வந்தது? அதுவும் குன்று மேல தொட்டியில நேத்திலேருந்து கெடந்துட்டுத்தானே வருது?"

அவள் சாய்த்த டிரம்மை நிமிர்த்தவும் இல்லை, கொட்டவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஷைலஜாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இத ஏன் நீங்க யாருமே எங்கிட்ட சொல்லல?"

"வீணாக்கறது எதுன்னுதானே கேட்டீங்க மேடம். இது சுத்தமா இருக்கறது."

சாயங்காலம் எங்கள் ஓணித் தியாமவ்வா கோயில் முன்னால் கூடினோம். ஷைலஜா சொன்னது சின்ன விஷயம்தான். சேர்த்து வைக்காதீர்கள், வேண்டும்போது திறங்கள், ஆனதும் மூடுங்கள். கொட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

"தண்ணி வரலேன்னா?" என்று ஒரு குரல். அந்த ஒரு கேள்விக்குத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

ஷைலஜா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒரு நாளும் நிக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். குழாய்னா ஒடையும். ஒடைஞ்சா அன்னைக்கே சரி பண்ணிக் குடுப்பேன். அது மட்டும் என் பொறுப்பு."

தலையாட்டினார்கள். எனக்குத் தெரியும், ஒருவரும் கேட்கப்போவதில்லை. வீட்டுக்குப் போனதும் டிரம்மை நிரப்புவார்கள். அடுத்தவன் நிரப்புவான் என்பதால் நிரப்புவார்கள். நானும் நிரப்புவேன். அதனால் தில்ஷாத் ஒரு வழி சொன்னாள். "டிரம்மெல்லாம் வெளிய கொண்டாந்து தெருவுல கவுத்து வெப்போம். ஒவ்வொருத்தர் வாசல்லயும். எல்லாரு கண்ணுக்கும் தெரியட்டும்."

"எல்லாரும் கவுத்தா நானும் கவுக்கறேன்" என்றார் பக்கீரப்பா காகா. "மொதல்ல பச்சை உடம்புக்காரி இருக்கற வீடு கவுக்கட்டும். அவங்களுக்கே பயமில்லேன்னா நமக்கென்ன?"

கிழவரை அப்படியே எருமைத் தொட்டியில் அமுக்கலாமா என்று வந்தது. நாளை மறுநாள் பெயர் வைப்பு. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். உள்ளே பிறந்து சில நாளே ஆன குழந்தை. என்னையா? வாய்வரைக்கும் வந்துவிட்டது, எங்களை விட்டுவிடுங்கள் என்று. அப்போது கோயிலுக்கு எதிரே இருந்த எங்கள் ஜன்னலிலிருந்து கிரிஜாவின் குரல் கேட்டது. பிள்ளை பெற்றவள் வெளியே வரக்கூடாது என்பதால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கவுத்துடுங்க வைனி. பழையபடி எட்டாம் நாள்னா இந்தக் குழந்தைய எடுத்துட்டு நான் திரும்ப எப்படி இங்க வருவேன்?"

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் வைனி என்போம். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் நிற்காது. போய் நான்கு டிரம்களையும் உருட்டிக்கொண்டு வந்து வாசலில் கவிழ்த்தேன். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். நீலமும் கறுப்புமாக ஓணி நெடுகத் தலைகீழாய் நின்றன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கவிழ்க்கவில்லை. ஒரே ஒரு செப்புக்குடத்தை நிரப்பி, கிரிஜாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே பழைய போர்வையைப் போட்டுவிட்டேன். என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை தண்ணீர் ஒழுங்காக வந்தது. சாயங்காலம் நீலம்மா வந்து இறங்கினாள். வாசலில் கவிழ்ந்திருந்த டிரம்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்ட காலி பண்றீங்களா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அடுப்பை மூட்டி, அண்டாவை ஏற்றி, குழாயைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று வந்தது. இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

மூடித் திறந்தேன். மறுபடியும் மூடித் திறந்தேன். கொல்லைக் குழாய்க்கு ஓடினேன். அங்கே காற்றுகூட இல்லை.  ஷைலஜாவுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. வெளியே ஓணி முழுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். பக்கீரப்பா காகா தன் டிரம்மை ஓர் உதை உதைத்தார். அது உருண்டு போய் என் வாசலில் நின்றது.

"கவுத்து வெக்கச் சொன்ன புண்ணியவதி எங்க? வரச்சொல்லு வெளிய!"

நீலம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு. மீட்டர் வெச்ச ஊரு! தொட்டில் போடற நாள்ல புள்ளையக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல. தாயில்லாத பொண்ண அனுப்பினேனே, என்னச் சொல்லணும்."

  நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக் குடத்தை இழுத்தேன்.  அண்டாவில் ஊற்றினேன். அடிப்பாகம் நனைந்தது. குழந்தைக்கு வேண்டுமானால் போதும். தாய்க்கு?

கொல்லைக் கதவு திறந்தது. தில்ஷாத், முக்காட்டுத் துணிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். மறைக்கிற அளவா அது, பெரிய எவர்சில்வர் குடம்.

"திட்டாதக்கா. ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தேன்."

"நானும்தாண்டி" என்றேன்.

அவள் ஊற்றிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த வீட்டுக்காரி வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையில் ஒரு வாளி. "பூசைக்குன்னு வெச்சது." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்திருந்ததாம். பிறகு வரிசையாக வந்தார்கள். எல்லோரும் தெருவில் டிரம்மைக் கவிழ்த்தவர்கள், எல்லோரும் கட்டிலுக்கு அடியில் ஒன்றை ஒளித்தவர்கள். கடைசியில் பக்கீரப்பா காகா இரண்டு கையிலும் இரண்டு குடத்தோடு வந்தார்.

"எருமைக்குன்னு வெச்சது" என்றார். "அதுதான் இதக் குடிக்கறதில்லையே."

அண்டா நிறைந்தது. தீ பிடித்தது. நீலம்மா விளிம்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இது என்னைக்குப் புடிச்ச தண்ணி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை, அத்தே" என்றேன்.

"பழைய தண்ணியா? பேரு வெக்கற அன்னைக்கு எங்க வீட்டுக் குழந்தைக்குப் பழைய தண்ணியா?"

"பழைய தண்ணிதான். வேற இல்ல. இந்த ஓணியில யாரு வீட்லயும் இனிமே ஒரு வாய் தண்ணிகூட இல்ல, எல்லாத்தையும் இங்க கொண்டாந்து ஊத்திட்டாங்க. கொதிக்கக் காய்ச்சியிருக்கேன். வேண்டாம்னா சொல்லுங்க, இறக்கிடறேன்."

 நீலம்மா பதில் சொல்வதற்குள் குளியலறையிலிருந்து கிரிஜா கத்தினாள். "ஊத்துங்க வைனி, குளுருது!"

நீலம்மா கையை எடுத்தாள்.  பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, முதல் சொம்பை அவளே மொண்டாள்.

குளியல் முடிந்து புகை போட்டு வெளியே வந்தபோதுதான் பயம் முழுசாகப் பிடித்தது. விருந்துக்கு உலை வைக்கத் தண்ணீர் இல்லை. ஓணியில் எவர் வீட்டிலும் இல்லை. என் ஆயுசில் அப்படி ஒரு நிலை வந்ததே கிடையாது. எட்டாம் நாளிலும் ஏதாவது ஒரு டிரம்மின் அடியில் கொஞ்சம் கலங்கல் இருக்கும். எல்லோரும் வாசலில் நின்று முனையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 

ஷைலஜா நடந்துதான் வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. "கேபிள் போடத் தோண்டினவங்க குழாய ஒடைச்சுட்டாங்க. பள்ளத்துக்குள்ள நின்னுட்டிருந்தேன், போன எடுக்க முடியல. ஒட்டுப் போட்டாச்சு, இப்ப தண்ணி வந்துடும். யாரு வீட்லயாவது சேத்து வெச்சது இருக்கா, இருந்தா அவசரத்துக்கு…"

"சத்தியமா ஒரு சொட்டு இல்ல மேடம்" என்றார் பக்கீரப்பா காகா. அந்த வாரத்தில் அவர் செய்த சத்தியங்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

சொல்லி முடிப்பதற்குள் என் குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு வெள்ளையாய்க் கொட்டியது. வீட்டுக்கு வீடு அதே சத்தம். அத்தனை பேரும் ஒரே பாய்ச்சலாய் டிரம்முக்கு ஓடினோம். நானும்தான். என் டிரம்மை நிமிர்த்தி, வாசல் குழாய்க்கு அடியில் தள்ளிவிட்டேன். இன்னொரு தடவை நின்றால்? விருந்து கிடக்கிறது. சம்பந்தி நிற்கிறாள். ஒரு டிரம், ஒரே ஒரு டிரம். நிமிர்ந்து பார்த்தால் தில்ஷாத் தன் டிரம்மோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் என்னைத்தான் பார்த்தாள். ஷைலஜா தலையைக் குனிந்துகொண்டு முனை மீட்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது நிரப்பினால் நாளைக்கு வால்வை மூடுவார்கள். மூடினால் எட்டாம் நாள். எட்டாம் நாள் என்றால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பாதான்.

நீலம்மா பக்கத்தில் வந்தாள். "குடிக்க ஒரு வாய் தண்ணி குடும்மா. தொண்டை காயுது."

டிரம்மைக் காலால் தள்ளிவிட்டு ஒரு சொம்பை நீட்டினேன். நிறைந்தது. குழாயை மூடினேன். இரண்டாவது முறைதான் திருகு இறுகியது. வருகிற தண்ணீரை நானே நிறுத்தியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. பிறகு தில்ஷாத் மூடினாள். ஓணியில் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது.

உலைக்கு வேண்டியதைப் பிறகு பிடித்துக்கொண்டேன். குழந்தைக்குக் கங்கா என்று வைக்கலாமே என்றார் பக்கீரப்பா காகா, அவித்த கடலையை மென்றபடி. "வேண்டாம், எட்டு நாளுக்கு ஒரு தடவைதான் பேசும்" என்றாள் நீலம்மா. சர்வமங்களா என்று வைத்தோம்.

திங்கட்கிழமை பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஓணிக்குக் குழாய் போட இடம் பார்க்கப் போனார்கள். ஷைலஜா மட்டும் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து டீ குடித்தாள். "சனிக்கிழமையே பாதிக்குக் கீழ வந்துருச்சு. எனக்குப் பயம் அது இல்ல. நேத்து தண்ணி நின்னு வந்ததும் எல்லாரும் பாஞ்சு புடிப்பாங்க, முள்ளு மேல ஏறும்னு அந்த மீட்டர் முன்னாடியே உக்காந்திருந்தேன். ஏறுச்சு. உடனே இறங்கிருச்சு. மீட்டர் ரிப்பேர்னு நெனச்சேன்க்கா."

கிரிஜாவைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அப்பாவின் திதிக்கு நானும் ஈரப்பாவும் நரகுந்துக்குக் கிளம்பினோம். வருஷக்கணக்கில் நான் அம்மா வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. பஸ் நிறுத்தம் வரை போய்விட்டேன். அங்கே நின்றதும் சந்தேகம் வந்தது. குழாயை மூடினேனா? ஊருக்குப் போகும்போது திறந்துவிட்டுப் போகிற கை இது. ஈரப்பா கத்தக் கத்தத் திரும்பி ஓடினேன்.

மூடித்தான் இருந்தது. அடியில் தகர டப்பா இல்லை, தரை காய்ந்திருந்தது. அன்றைக்கு அப்பாவிடம் போகாமல் இதே இடத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதுவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

திரும்பி வந்தபோது பஸ் போயிருந்தது. ஈரப்பா என்னை முறைத்துக்கொண்டு நின்றார். அப்போது அம்மா போன் செய்தாள்.

"கிளம்பிட்டியாடி? தண்ணியெல்லாம் புடிச்சு வெச்சுட்டியா?"

"இல்லம்மா" என்றேன். "மூடிட்டு வர்றேன்."